36 பிள்ளைகள், 12 பலகைகள்: எல்லார் கையும் படுகிற எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு

எட்டாம் வகுப்பில் மின்சுற்று சொல்லித்தரும்போது மேசைக்கு ஒரு பெட்டி வைத்தால் நடப்பது இதுதான். வீட்டில் ஏற்கெனவே ரோபாட்டிக்ஸ் பெட்டி வைத்திருக்கும் பிள்ளை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பார்வை இல்லாத பிள்ளைக்கு "எரியுதுடா" என்று யாராவது செய்தி சொல்வார்கள். பீரியட் முடியும்போது கம்பியைத் தொட்டது ஒருவர்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவரும் முழுக் கட்டணம் கட்டுபவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் தனியார் பள்ளியில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். அரசுப் பள்ளியிலும் இல்லாமல் இல்லை. கீழே உள்ள முறை 36 பேர் வகுப்புக்கு, மூவருக்கு ஒரு மின்சுற்றுப் பலகை, 45 நிமிடம் வீதம் நான்கு பீரியட் என்ற கணக்கில் எழுதியது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குத் தனிப் பெட்டி கிடையாது. பன்னிரண்டு பலகையும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருக்கும்.

காசுப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள்

"நாளைக்கு எல்லாரும் ரெண்டு பேட்டரி கொண்டு வாங்க" என்று சொல்லாதீர்கள். கொண்டுவர முடியாத பிள்ளை அன்று லீவு போடும், அல்லது மறந்துவிட்டதாகச் சொல்லும். சாமான் முழுவதும் பள்ளியுடையது, மொத்தமாக வாங்கியது, பூட்டிய பெட்டியில் இருப்பது. பெற்றோர் யாராவது தர விரும்பினால் அந்தப் பொதுப் பெட்டிக்குத் தரட்டும். யார் தந்தது என்று வகுப்பில் அறிவிக்க வேண்டாம்.

உடைத்தால் காசு கட்டு என்ற விதி இன்னும் மோசம். இரண்டு ரூபாய் எல்இடிக்காக இல்லை, திட்டு விழும் என்ற பயத்தில் சில பிள்ளைகள் கடைசிவரை கையை மடியிலேயே வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் மேசைமேல் "செத்தவை" என்று எழுதிய ஒரு டப்பா வையுங்கள். கருகியதைப் போடும்போது எப்படிக் கருகியது என்று துண்டுச் சீட்டில் ஒரு வரி. நாலாவது பீரியடில் அந்தச் சீட்டுகளை வாசித்தால் அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

பலகை செய்வது

சாமானின் கால்களைத் துளைகளில் செருகி இணைக்கும் பிரெட்போர்டு வேண்டாம். அதன் துளைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. விரல் நடுங்கும் பிள்ளைக்கும், கண் சரியாகத் தெரியாத பிள்ளைக்கும், ஏன், சாதாரணக் கைக்கும் முதல் நாளே எரிச்சல் தரும். முதலைக் கிளிப்பும் அழுத்திப் பிடிக்க விரல் வலு கேட்கும். இந்த வேலைக்கு ஸ்பிரிங் பலகைதான் சரி.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 20 × 12 சென்டிமீட்டர் துண்டு. தச்சுப் பட்டறையின் கழிவுத் துண்டே போதும். வலப்பக்கம் இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டு ஸ்பிரிங். மேல் வரிசை இடமிருந்து 1, 2, 3, 4. கீழ் வரிசை 5, 6, 7, 8. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் இடைவெளி 3.5 சென்டிமீட்டர். இந்த அளவை மாற்றாதீர்கள். அதிகமானால் 1-இலிருந்து 6-க்குக் குறுக்காகப் போகும் ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தைக் குறைக்கும் சாமான்) கால் எட்டாது.

ஸ்பிரிங் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் ஓசியில் கிடைக்கிறதே என்று பலரும் அதில் கைவைப்பார்கள். அது அமுக்கினால் சுருங்கும் வகை. சுருள்களுக்கு நடுவே சந்து இருப்பதால் கம்பியைப் பிடிக்காது. தேவைப்படுவது இழுத்தால் நீளும் வகை: சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், முனையில் கொக்கி இருக்கும், சுமார் 6 மில்லிமீட்டர் பருமன், 2 சென்டிமீட்டர் நீளம். கொக்கியை வாஷரோடு அரை அங்குல ஸ்க்ரூவில் இறுக்குங்கள். முக்கால் அங்குலம் போட்டால் பலகையைத் துளைத்துக்கொண்டு அடியில் குத்தும். எட்டும் ஒரே திசையில், மேல்நோக்கிப் படுத்திருக்கட்டும். ஸ்பிரிங்கை விரலால் கொஞ்சம் வளைத்தால் சுருள் திறக்கும். கம்பியை நுழைத்து விட்டால் கவ்விக்கொள்ளும். ஒரே ஸ்பிரிங்கில் நாலு கால்வரை தாங்கும், ஆளுக்கொரு சந்தாக.

இடப்பக்கம் மூன்று ஏஏ செல் பிடிக்கும் ஹோல்டர். அதன் சிவப்பு வயர் 1-இன் ஸ்க்ரூவுக்கு அடியில், கறுப்பு 5-இன் ஸ்க்ரூவுக்கு அடியில் நிரந்தரமாக இறுகட்டும்.

இனி தொட்டு அறிவதற்கான வேலை. பலகையின் மேல் இடது மூலையைச் சாய்வாக அறுத்துவிடுங்கள்; கையில் எடுத்ததும் எது மேல்பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு சணல் கயிற்றை ஒட்டுங்கள். எண்களைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே பிரெயில் எண்ணும் ஒட்டுங்கள். சிறப்பாசிரியரிடம் பிரெயில் சிலேட்டும் ஊசியும் இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் தாளில் அரை மணி நேர வேலை. வார்னிஷ் அடிக்காதீர்கள், மங்கிய பார்வை உள்ளவருக்குக் கண் கூசும். அடியில் நாலு மூலையிலும் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் பலகை வழுக்காது. ஒரு கை மட்டுமே இயங்கும் பிள்ளைக்கு இந்த டியூப் துண்டுதான் இரண்டாவது கை.

சாமான் சிதறாமல் இருக்கத் தட்டு வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் தட்டு. சத்துணவுத் தட்டு கைக்கு அருகில் இருக்கும், அது எவர்சில்வர். அதன்மேல் தொங்கும் இரண்டு கம்பி முனை பட்டால் ஷார்ட்.

வாங்க வேண்டியவை

சென்னையில் ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும். 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி 50, 220 ஓம் ரெசிஸ்டர் 50, 100 கிலோஓம் 25, 220 கிலோஓம் 25, வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் எல்டிஆர் 15, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பிசி547 டிரான்சிஸ்டர் 25, 3 முதல் 24 வோல்ட் வரை என்று போட்ட, சிவப்பு கறுப்பு வயர் வைத்த பஸர் (மின்சாரம் வந்தால் கத்துவது) 14. செல்போனில் இருக்கும் காசு வடிவ அதிர்வு மோட்டார் 4, அதற்கு 22 ஓம் ரெசிஸ்டர், ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்4148 டயோடு, பிசி337 டிரான்சிஸ்டர் நாலு நாலு. எலெக்ட்ரீஷியன் வெட்டி வெட்டிப் பயன்படுத்தும் 12 வழி பிளாஸ்டிக் கனெக்டர் பட்டை 6. ஏஏ செல் 42.

பிசி547 இல்லை, அதே மாதிரிதான் என்று சொல்லி 2என்3904 கொடுப்பார்கள். வேலை செய்யும், ஆனால் கால் வரிசை தலைகீழ். தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்போது பிசி547-இன் மூன்று கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். மற்றதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்தால் அன்றைய வகுப்பு போச்சு.

கம்பிக்குத் தனியாகச் செலவு வேண்டாம். சுவருக்குள் இழுக்கும் லேன் கேபிள் 3 மீட்டர் போதும். உள்ளே எட்டு ஒற்றைக் கம்பி, ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் பருமன். 15 சென்டிமீட்டராக வெட்டினால் மீட்டருக்கு 48 துண்டு. இரண்டு முனையிலும் ஒன்றரை சென்டிமீட்டர் தோலுரியுங்கள், பல்லால் அல்ல. கம்ப்யூட்டரில் செருகும் நெகிழ்வான லேன் வயர் உதவாது. உள்ளே பல இழை, ஸ்பிரிங்கில் நுழையாமல் விரிந்துகொள்ளும்.

செல் விஷயத்தில் மலிவான சாதா ஜிங்க் செல்லே நல்லது. ஆல்கலைன் செல்லை ஷார்ட் செய்தால் பல ஆம்பியர் ஓடும், கம்பி கை சுடும், ஹோல்டர் உருகும். பழைய செல்போன் பேட்டரி வேண்டவே வேண்டாம். பொத்தான் செல்லையும் வகுப்புக்குள் விடாதீர்கள்: விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். 9 வோல்ட் பேட்டரி விலை கூட, ஆயுள் குறைவு, ரெசிஸ்டர் மறந்தால் எல்இடி அந்த நொடியே காலி.

எல்இடி இழுப்பது பத்து மில்லிஆம்பியர் அளவுதான், செல் வருடம் முழுக்க வரும். வராமல் போவதற்குக் காரணம் பலகையைச் சுற்றோடு அப்படியே பெட்டியில் வைப்பது. ஹோல்டர் ஸ்பிரிங்குக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு ரிப்பன் நாடாவைச் செருகுங்கள். இழுத்தால் ஓடும், செருகினால் நிற்கும், கண்ணில்லாமலும் தெரியும்.

ஆளுக்கு 12 நிமிடம்

மூவருக்கும் மூன்று வேலை. ஒருவர் கை: இணைப்பவர். ஒருவர் வாய்: படியை வாசித்துச் சொல்பவர். ஒருவர் சோதனை: ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து, தவறு கண்டால் சொல்பவர். 12 நிமிடத்துக்கு ஒரு மணி அடித்து (கூடவே டியூப்லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டு) வேலையை மாற்றுங்கள். மூன்று சுற்று 36 நிமிடம். மீதி தொடக்கத்துக்கும் அடுக்கி வைப்பதற்கும். வாய் வேலையில் இருப்பவர் பலகையைத் தொடக்கூடாது. தெரிந்த பிள்ளைக்கு இதுதான் மிகக் கடினமான 12 நிமிடம்.

இன்னொரு விதி, ஆசிரியருக்கும் சேர்த்து: "இங்கே", "அங்கே", "இதை அதுல" என்ற சொற்களுக்குத் தடை. "2-லிருந்து 3-க்கு எல்இடி, நீளக் கால் 2-ல" என்றுதான் சொல்ல வேண்டும். பார்வையற்ற பிள்ளை கை வேலைக்கு வரும்போது இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அந்தக் குழு ஒரு நிமிடத்தில் பொறுமையிழந்து, "குடு, நானே பண்றேன்" என்று பிடுங்கிவிடும். எண் சொல்லிப் பழகிய குழுவில் அது நடப்பதில்லை. தவிர, கண் தெரிந்த பிள்ளைகளும் அப்போதுதான் தாங்கள் எதை எங்கே இணைக்கிறோம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

காது கேளாத பிள்ளை உங்கள் கையையும் வாயையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. செய்து காட்டும்போது பேசாதீர்கள். பேசும்போது கையில் ஒன்றும் இருக்கக்கூடாது, முகம் வகுப்பைப் பார்த்திருக்கட்டும். எல்இடிக்கு, ரெசிஸ்டருக்கு, பஸருக்கு என்ன சைகை என்று முதல் நாளே முழு வகுப்பும் கற்றுக்கொள்ளட்டும். வாய் வேலை வரும்போது அந்தப் பிள்ளை சைகையாலும் விரல் எண்ணாலும் சொல்லும். பல படிகளை ஒன்றாக நினைவில் வைக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அட்டைக்கு ஒரு படி, ஒரு படம். முடிந்த அட்டை கவிழ்ந்து மறுபக்கம் போகும். சக்கர நாற்காலி இருந்தால் ஆய்வக மேடை வேண்டாம், உயரம் ஒத்துவராது. சாதாரண மேசைக்கு வந்துவிடுங்கள்.

முதல் பீரியட்: ஒளியும் ஒலியும்

நாடா செருகியபடியே இருக்கட்டும். 220 ஓம் ரெசிஸ்டர் 1-க்கும் 2-க்கும். எல்இடியின் நீளக் கால் 2, குட்டைக் கால் 3. பஸரின் சிவப்பு 1, கறுப்பு 3. 3-இல் ஒரு நீளக் கம்பி, 5-இல் ஒரு நீளக் கம்பி, இரண்டின் மறுமுனையும் சும்மா தொங்கட்டும். நாடாவை இழுத்துவிட்டுத் தொங்கும் முனைகளைத் தொட வையுங்கள். எரியும், கத்தும்.

நீளக் காலை ஒருமுறை வெட்டிவிட்டால் அடையாளம் போய்விடும். அப்போது எல்இடியின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். ஓரிடத்தில் வட்டம் தட்டையாக இருக்கும், அது மைனஸ் பக்கம். இதைப் பார்வையற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பன்னிரண்டு பஸர் ஒன்றாகக் கத்தினால் காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளைக்கும், சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கும் அது தண்டனை. வகுப்புக்கு முன்பே ஒவ்வொரு பஸரின் துளைமேலும் செல்லோடேப் ஒட்டுங்கள். சத்தம் பாதியாகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்.

இப்போது கையில் இருப்பது ஒரு சோதனைக் கருவி. கரண்டி, காசு, அழிப்பான், இரண்டு பக்கமும் சீவிய பென்சில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பெயின்ட் அடித்த ஸ்டீல் தண்ணீர் பாட்டில் பேசாது, அதன் பெயின்ட் உரிந்த அடிப்பாகம் பேசும். சண்டை அங்கேதான் தொடங்கும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டு முனைகளை விட்டால் மங்கலாக எரியும், பஸர் முனகும். சுவர் பிளக்கில் மட்டும் எந்த முனையும் போகக்கூடாது. இதை இரண்டு முறை சொல்லுங்கள், இரண்டு முறையும் சைகையோடு.

இரண்டாம் பீரியடை அவசரமில்லாமல் விடுங்கள். எல்இடியைத் திருப்பிப் போடுவது, காகித கிளிப்பில் சுவிட்ச் செய்வது, 220-க்குப் பதில் 100 கிலோஓம் போட்டால் ஏன் கிட்டத்தட்ட அணைந்துவிடுகிறது என்று கணக்குப் போடுவது: 4.5 வோல்ட்டில் எல்இடிக்கு 2 போக மீதி 2.5, அதை 220-ஆல் வகுத்தால் 11 மில்லிஆம்பியர், 100 கிலோவால் வகுத்தால் வெறும் 0.025. ரெசிஸ்டரின் நிறப் பட்டைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கலாம், வெளியே சொல்லாது. ரெசிஸ்டர் காலில் டேப் கொடி ஒட்டுங்கள்: 220-க்கு ஒரு கொடி, 100 கிலோவுக்கு இரண்டு, 220 கிலோவுக்கு மூன்று.

மூன்றாம் பீரியட்: இருட்டினால் எழும் விளக்கு

டிரான்சிஸ்டர் கால் ஸ்பிரிங்குக்கு எட்டாது. கனெக்டர் பட்டையை மூன்று மூன்று வழியாக வெட்டி, ஒரு பக்கம் டிரான்சிஸ்டரின் மூன்று கால், மறுபக்கம் மூன்று கம்பி என்று முன்கூட்டியே ஸ்க்ரூ போட்டு வையுங்கள். சால்டரிங் தேவையில்லை. கலெக்டர் கம்பியில் ஒரு முடிச்சு, பேஸில் இரண்டு, எமிட்டரில் முடிச்சு இல்லை.

முதல் பீரியடின் ஒளி ஒலி அமைப்பு அப்படியே இருக்கட்டும், தொங்கும் இரண்டு கம்பிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒற்றை முடிச்சு 3-க்கு, இரட்டை முடிச்சு 6-க்கு, முடிச்சில்லாதது 5-க்கு. 100 கிலோஓம் 1-க்கும் 6-க்கும். எல்டிஆர் 6-க்கும் 5-க்கும். நாடாவை இழுத்து, எல்டிஆரை உள்ளங்கையால் மூடுங்கள்.

வெளிச்சத்தில் எல்டிஆரின் தடை சில கிலோஓம்தான். 100 கிலோ வழியாக வரும் சிறு மின்னோட்டத்தை அதுவே 5-க்கு வடித்துவிடும். இருட்டில் அதன் தடை ஏற, 6-இன் வோல்ட் 0.6-ஐத் தாண்டும், டிரான்சிஸ்டர் திறக்கும்.

வகுப்பறை கொஞ்சம் இருட்டாக இருந்தால் மூடாமலே எரியும். 100 கிலோவை எடுத்து 220 கிலோ போடுங்கள். மூடினாலும் அரைகுறையாக எரிகிறது என்றால் எல்இடியின் வெளிச்சமே எல்டிஆர்மேல் விழுகிறது. விளக்கு தன்னைத்தானே அணைக்கப் பார்க்கிறது. எல்டிஆர்மேல் கறுப்பு டேப் சுற்றிய ஸ்ட்ரா துண்டு ஒன்றை மாட்டினால் தீரும். ஸ்ட்ரா மாட்டியும் மிக மங்கல் என்றால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். தலைகீழாகவும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், அதனால்தான் இந்தத் தவறு எளிதில் பிடிபடாது. பேஸ் கம்பியை நேராக 1-இல் கொடுத்தால் செத்தவை டப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர்.

கண்ணும் காதும் இரண்டுமே குறைவான பிள்ளைக்கு அதிர்வு வேண்டும். மோட்டார் சுமார் 70 மில்லிஆம்பியர் கேட்கும். ஒரு பிசி547 இந்தச் சுற்றில் அவ்வளவு தராது. எமிட்டர் கம்பியை 5-இலிருந்து எடுத்து 7-க்குக் கொடுங்கள். பிசி337-இன் பேஸ் 7, எமிட்டர் 5, கலெக்டர் 8. கால் வரிசை பிசி547 போலவேதான். மோட்டாரும் 22 ஓமும் தொடராக 1-க்கும் 8-க்கும். மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே டயோடு, கோடு போட்ட பக்கம் 1-ஐப் பார்த்து. இப்போது 6-இல் சுமார் 1.3 வோல்ட் வந்தால்தான் இயங்கும், எனவே இன்னும் கொஞ்சம் இருட்ட வேண்டும். மோட்டாரின் வயர் முடிபோல் மெல்லியது. இழுத்தால் பிய்யும், அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.

எரியவில்லை, கத்தவில்லை

இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள்: நாடா இழுத்தாயிற்றா? செல் மூன்றும் திசை சரியா? கம்பியின் தோல் ஸ்பிரிங்குக்குள் மாட்டியிருக்கிறதா? பாதிக்குமேல் பழி இந்த மூன்றாவதன்மேல்தான் விழும்; கம்பியை லேசாக இழுக்கும்போது வழுக்கினால் தோல்தான் மாட்டியிருக்கிறது. பிறகு எல்இடி திசை, பஸர் திசை. ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு காலும் போயிருக்கிறதா என்பது கடைசி. ஆசிரியர் கைவைத்துச் சரிசெய்து கொடுத்தால் அந்தக் குழு அடுத்த முறையும் கைதூக்கிக்கொண்டு காத்திருக்கும். "3-ல எத்தனை கால் இருக்கு?" என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

நாலாம் பீரியடும் வீடும்

நாலாம் பீரியடில் ஒவ்வொரு குழுவும் இருட்டு விளக்குக்கு ஒரு வேலை கண்டுபிடிக்கட்டும்: மூடியைத் திறந்தால் வாய் மூடும் டிபன் டப்பா, யாரோ கடந்தால் கத்தும் வாசல். மதிப்பெண் இதற்கும் குறிப்பேட்டுக்கும் மட்டும். "வீட்டில் மாடல் செய்து வா" என்றால் மறுநாள் வருவது அப்பாவின் பர்ஸ்.

ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் காட்ட ஆசை இருக்கும். ஆறு பழைய டின்களில் இரண்டு செல் ஹோல்டர், செல், எல்இடி, 100 ஓம் ரெசிஸ்டர், பஸர், நாலு கம்பி போட்டு, நூலகப் புத்தகம் போலப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். நாளுக்கு ஆறு பேர். ஆறு பள்ளி நாளில் 36 பேரும் ஒருமுறை எடுத்துப் போயிருப்பார்கள். செல் தீர்ந்து திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் புதிது போடுங்கள். பழைய ரிமோட், ஓடாத பொம்மை போன்றவற்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பிரித்துப் பார்க்கலாம். செல்போன் சார்ஜர், சிஎஃப்எல் பல்பு, யுபிஎஸ், பழைய டிவி ஆகியவற்றைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.